சொந்தக்காரர் இல்லாத நகரம்

நோர்வேயில் உதயகுமாரி வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே பிரிவில் இருபத்தைந்து ஆண்டுகள் வேலை செய்தவரை, கூட வேலை செய்கிறவர்களில் இரண்டு பேர் ஐரோப்பாவில் ஏதாவது ஒரு நகரத்துக்கு மூன்று நாள் கூட்டிப் போவார்கள். எங்கே போவது, போய் என்ன செய்வது என்பதை அந்த ஆளிடம் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். போன பெப்ரவரியில் உதயகுமாரியின் முறை வந்தது. அவளுக்கு வயது ஐம்பத்தொன்று.

பெரித் என்ற மூத்த தாதி, கோப்பி குடிக்கும் நேரத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இதுவரை நீ செய்யாதது என்ன என்று கேட்டாள். உதயகுமாரி அதைச் சும்மா பொழுதுபோக்குக் கேள்வி என்று நினைத்தாள். கடித்துக்கொண்டிருந்த பாண் துண்டை வைத்துவிட்டு யோசித்து, உள்ளதை உள்ளபடி சொன்னாள். சைக்கிள் ஓடியதில்லை. இரவில் ஆடுகிற இடங்களுக்குப் போனதில்லை. குளிர்காலத்தில் கடலில் இறங்கிக் குளித்ததில்லை. சொல்லிவிட்டு, எட்டாம் அறையில் மணி அடிக்கிறதென்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கேக் வெட்டினார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அதில், உதயாவின் கனவுப் பயணம், சைக்கிளும் இரவு வாழ்க்கையும் என்று நோர்வேஜிய மொழியில் பெரிய எழுத்தில் இருந்தது. குளிர்காலக் கடலை மட்டும் எப்படியோ விட்டுவிட்டார்கள். இது என் கனவு என்று நான் எப்போது சொன்னேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் கேக் வெட்டியாகிவிட்டது, எல்லோரும் கை தட்டினார்கள், தொண்ணூறு வயது நோயாளி ஒருத்தி கூடத் தட்டினாள். உதயகுமாரி நன்றி சொன்னாள்.

ஹொல்ம்லியா என்ற பகுதியில் நாலாம் மாடியில் அவர்களின் வீடு. கணவர் பரமநாதன் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்கிறார். அன்று பின்னேரம் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதென்ன இரவு வாழ்க்கை? இரவில என்ன வாழ்க்கை இருக்கு?”

“தெரியேல்லை” என்றாள் உதயகுமாரி.

“தெரியாமல் ஏன் கேட்டனீர்?”

“நான் கேக்கேல்லை.”

“கேக்காமல் எப்பிடித் தந்தவை?”

அவளுக்கும் அதுதான் விளங்கவில்லை. நடந்ததை ஒழுங்காகச் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல, தான்தான் கேட்டுவாங்கியது போலவே அது ஒலித்தது. மகள் மிதுனா அறைக்குள் இருந்து வெளியே வந்து அட்டையைப் படித்துவிட்டு, சோபாவில் விழுந்து சிரித்தாள். மிதுனாவுக்கு இருபத்துமூன்று வயது. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றால் பெரித்திடம் சொல்லுங்கோ என்றாள் மகள். உதயகுமாரி அட்டையை வாங்கிக் கைப்பைக்குள் திரும்ப வைத்தாள்.

நகரத்தைத் தெரிவு செய்யும் வேலை தொடங்கியது. பெரித் முதலில் கொபன்ஹேகன் என்றாள். சைக்கிளுக்கு அதைவிட நல்ல நகரம் இல்லையாம். உதயகுமாரி தலையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது, அங்கே பரமநாதனின் அக்கா தங்கேஸ்வரி இருக்கிறார். மச்சாள் இருக்கும் ஊருக்குப் போய் ஹோட்டலில் தங்கினால் குடும்பத்தில் பத்து வருடத்துக்குக் கதை ஓடும். தங்காமல் மச்சாள் வீட்டில் இருந்தால், இரவு பதினொரு மணிக்கு எங்கே வெளிக்கிடுகிறாய் என்று கேட்பார்.

அடுத்ததாக அம்ஸ்டர்டாம். அங்கே உதயகுமாரியின் பெரியம்மாவின் மகன். பெர்லினில் அவளோடு படித்த அனஸ்ரேசியா, கணவர், நான்கு பிள்ளைகள். பாரிஸ் என்றதும் வீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் இல்லை என்றார்கள். அங்கே யார் இருக்கிறார்கள் என்று எண்ணுவதைவிட யார் இல்லை என்று எண்ணுவது சுலபம். இருபத்தைந்து ஆண்டுகளில் அவள் போன ஊர்கள் எல்லாம் சொந்தக்காரரின் வீடுகள்தான். லண்டனில் அவள் கண்டது ஒரு கலியாண மண்டபமும் ஒரு சமையலறையும்.

பெரித்துக்கு இது புரியவில்லை. சொந்தக்காரர் இருந்தால் நல்லதுதானே, இடம் காட்டுவார்கள் என்றாள். உதயகுமாரி விளக்கப் பார்த்தாள். அவர்களைப் பார்க்கப் போகாவிட்டால் கோபிப்பார்கள், போனால் வெளியே விடமாட்டார்கள், விட்டாலும் எங்கே போனாய் என்பது அடுத்த நாள் கனடா வரைக்கும் தெரிந்துவிடும். நோர்வேஜிய மொழியில் இதைச் சொன்னபோது ஏதோ பெரிய குடும்பப் பிரச்சினை மாதிரி வந்துவிட்டது. பெரித் குரலைத் தாழ்த்தி, வீட்டில் உனக்கு எல்லாம் சரிதானா, யாருக்காவது பயந்து இருக்கிறாயா என்று கேட்டாள். இல்லை இல்லை என்று உதயகுமாரி அவசரமாகச் சொன்னதில் பெரித்தின் சந்தேகம் இன்னும் கூடியது. அந்தக் கிழமை முழுக்கப் பெரித்தே அவளுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

மிதுனாதான் வழி சொன்னாள். ஸ்லோவேனியா என்றொரு நாடு இருக்கிறது, அதன் தலைநகரம் லுப்லியானா. நடுவில் ஆறு, சுற்றிவரச் சைக்கிள் பாதை, ஆற்றங்கரையில் பாட்டும் ஆட்டமும். முக்கியமாக, அங்கே யாரும் இல்லை. உதயகுமாரி உறவு முழுவதையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பரமநாதன் தன் பக்கத்தைப் பார்த்தார். உண்மையாகவே ஒருவரும் இல்லை. அந்தப் பெயரை நாலைந்து தரம் சொல்லிப் பழகிக்கொண்டு வேலைக்குப் போனாள். பெரித்துக்கும் பிடித்துக்கொண்டது.

பயணச்சீட்டு எடுத்த அன்றே உதயகுமாரிக்குப் புதிய கவலை தொடங்கியது. அங்கே ஒருவரும் இல்லையே. கால் முறிந்தால் யாரைக் கூப்பிடுவது? சோறு கிடைக்காவிட்டால்? யாரும் இருக்கக் கூடாது என்று தேடியதும் தான்தான், யாரும் இல்லையே என்று பயப்படுவதும் தான்தான் என்று தெரிந்தபோது, தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

கூடப் போகிற மற்றவள் பிலிப்பைன்ஸ்காரி மரிசெல். மார்ச் கடைசியில் மூவரும் வேலை முடிந்து ஓய்வறையில் இருந்து திட்டம் போட்டார்கள். பெரித்துக்கு ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீற்றர் சைக்கிள் ஓட வேண்டும். மரிசெல்லுக்கு விடிய இரண்டு மணி வரை ஆட வேண்டும். இருவரும் உதயகுமாரியின் பக்கம் திரும்பி, இது உன் பயணம், நீ சொல் என்றார்கள். உதயகுமாரிக்கு எந்த வேலையையும் ஒரே விதமாகத்தான் ஒழுங்குபடுத்தத் தெரியும். தாளை எடுத்துப் பிரிவின் வேலை அட்டவணை போலக் கோடு போட்டாள். பகல் வேலை சைக்கிள், மாலை வேலை ஆட்டம், நடுவில் அரைமணி சாப்பாடு. ஒருவர் மாலையும் அடுத்த நாள் காலையும் தொடர்ந்து வேலை செய்தால் இடையில் பதினொரு மணி நேரம் ஓய்வு வேண்டும் என்பது விதி. அந்த விதிப்படி பார்த்தால், ஆடினால் அடுத்த நாள் மத்தியானம் வரை சைக்கிளில் ஏறக் கூடாது. அழித்து அழித்து எழுதினாள். கடைசியில் மூன்று நாளில் ஒரு மாலையும் ஒரு பகலும்தான் மிஞ்சின. மரிசெல் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். உதயகுமாரி சிரிக்கவில்லை. எங்கே பிழைவிட்டேன் என்று தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதில் அவள் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருந்தது. சைக்கிள் ஓடியதில்லை என்று அவள் சொன்னதை, நோர்வேக்கு வந்தபின் ஓடவில்லை என்று பெரித் விளங்கிக்கொண்டிருந்தாள். உண்மையில் உதயகுமாரிக்குச் சைக்கிள் ஓடவே தெரியாது. அவளுக்கு மூன்று அண்ணன்மார். ஊரில் எங்கே போவதென்றாலும் ஒருவன் சைக்கிளில் ஏற்றிப்போவான். பழக வேண்டிய தேவை வரவில்லை.

ஏப்ரல் முதல் ஞாயிறு, பரமநாதன் நிலக்கீழ் அறையில் கிடந்த மிதுனாவின் பழைய சைக்கிளைத் தூசி தட்டி, காற்றடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். அவராகவே செய்தார். அவள் கேட்கவில்லை. ஹொல்ம்லியாவில் மேடு இல்லாத இடம் தேடுவதே பெரும்பாடு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கார் நிறுத்துமிடம் ஞாயிறுகளில் காலியாக இருக்கும் என்று அங்கே போனார்கள். பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்கப் போட்ட சிறு கற்களை இன்னும் கூட்டி அள்ளவில்லை. சைக்கிளின் முன்சில்லு அதில் பட்டதும் பக்கவாட்டில் போனது. முதல் நாளிலேயே இரண்டு தரம் விழுந்தாள். குளிர்காலக் கோட் போட்டிருந்ததால் காயம் இல்லை.

பரமநாதன் இருக்கையைப் பின்னால் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். அவருக்கு ஐம்பத்தாறு வயது. இரண்டு சுற்று ஓடியதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிடுவார். பெடலைப் பாராதையும், நேரா முன்னுக்குப் பாரும் என்பார். முன்னுக்குப் பார்த்தால் பெடல் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த வீட்டுச் சோமாலியப் பிள்ளைகள் வந்து நின்று பார்த்தார்கள். நாலாவது ஞாயிறு, அவர் கையை விட்டது தெரியாமல் ஒரு முழுச் சுற்று வந்தாள். வந்து, பிரேக் பிடிக்க மறந்து, வேலிச் செடிக்குள் போய் நின்றாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. இரண்டு கிழமை நோயாளிகளைத் தூக்க முடியாமல் சிரமப்பட்டாள். பெரித் அந்த வீக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் வீட்டில் எல்லாம் சரிதானா என்று கேட்டபோதுதான், ஓடத் தெரியாது என்ற உண்மையை உதயகுமாரி சொன்னாள். பெரித் அட்டவணைத் தாளை எடுத்தாள். பிறகு நாற்பது கிலோமீற்றரைப் பத்தாகக் குறைத்தாள்.

மே மாதம், கதை எப்படியோ கொபன்ஹேகனுக்குப் போய்விட்டது. ஒரு பின்னேரம் தங்கேஸ்வரி மச்சாள் தொலைபேசியில் அழைத்தார். பரமநாதன்தான் எடுத்தார். உதயகுமாரி சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மறுபக்கத்தில் மச்சாள் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை, ஆனால் குரலின் வேகம் கேட்டது. பரமநாதன் நெடுநேரம் ம், ம் என்றுகொண்டிருந்தார். இனிப் பயணம் இல்லை என்று அவள் நினைத்தாள். அது ஆறுதலா துக்கமா என்று தெரியாமல் குழாயை மூடிவிட்டு நின்றாள்.

“ஓம் அக்கா, போறா” என்றார் பரமநாதன். “ஆடத்தான் போறா. சைக்கிளும் ஓடுவா. நான்தான் பழக்கினனான்.”

பிறகு அங்கே மழையா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். சமையலறைப் பக்கம் வரவில்லை. உதயகுமாரி மீனை இன்னொரு தரம் கழுவினாள்.

மே கடைசியில், இடையில் ஒரு விமானம் மாறி, மூவரும் லுப்லியானாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முதல் இரவு ஆற்றங்கரையில் ஓர் ஆடுமிடம். மரிசெல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். உதயகுமாரி தோடம்பழச் சாறு குடித்தாள், இரண்டு பாட்டுக்கு ஆடினாள். எந்தக் கால் முதலில் என்று கடைசிவரை தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஐந்து மணிக்கு எழும்பிப் பழகிய உடம்பு பதினொன்றரைக்கு மேல் ஒத்துழைக்கவில்லை. அவ்வளவு சத்தத்துக்குள்ளும் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிவிட்டாள். மரிசெல் எடுத்த படம் பிறகு வேலையிடத்தில் எல்லோருடைய தொலைபேசிக்கும் போனது.

அடுத்த நாள் காலை வழமைபோல ஐந்துக்கு விழிப்பு வந்தது. மற்ற இருவரும் எழும்ப மத்தியானம் ஆகும் என்று நினைத்தாள். எட்டு மணி வரை பார்த்துவிட்டு, ஹோட்டல்காரனிடம் சைக்கிளை வாங்கிக்கொண்டு, அரைமணிக்குள் திரும்பலாம் என்று புறப்பட்டாள். இடப்பக்கம் திரும்ப அவளுக்கு இன்னும் பயம், எதிரே வருகிற வாகனத்தைக் கடக்க வேண்டும். அதனால் வலப்பக்கமாகவே திரும்பினாள். அப்படித் திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம் என்பது அவள் கணக்கு. அந்த ஊரின் தெருக்கள் அப்படி வளையவில்லை. ஒரு பாலம், பள்ளிக்கூடம் ஒன்று, தக்காளி நட்ட சிறு தோட்டங்கள், பிறகு வீடுகள் மட்டும். மலைமேல் இருந்த கோட்டை முன்னால் இருந்தது, பிறகு பின்னால் இருந்தது, பிறகு இல்லை.

மணி ஒன்பதரைக்குப் பெரித்தின் அழைப்பு வந்தது. நீ எங்கே என்று கேட்டாள். உதயகுமாரி ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். பெயர்ப்பலகையை வாசிக்க முடியவில்லை. வயதான ஒரு பெண் பல்கணியில் சட்டை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“தெரியாது” என்றாள் உதயகுமாரி நோர்வேஜிய மொழியில்.

பெரித் பதறினாள். அங்கேயே நில், அசையாதே என்றாள். நிற்கத் தேவையில்லை, வருவேன் என்று உதயகுமாரி சொன்னாள். எப்படி வருவது என்று அவளுக்கே தெரியாது. இன்னும் கொஞ்ச தூரம் ஓடினாள். பாண் கடை ஒன்று வந்தது. இறங்கி, கையால் காட்டி ஒன்று வாங்கி, படியில் உட்கார்ந்து முழுவதையும் தின்றாள். அந்தத் தெருவில் போனவர்களில் ஒருவருக்கும் அவள் யாரின் மகள், யாரின் மனைவி என்று தெரியாது. பிறகு கடைக்காரியிடம் ஹோட்டலின் பெயரைக் காட்டி வழி கேட்டாள். இரண்டு இடத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. இரண்டு இடத்திலும் இறங்கி உருட்டிக் கடந்தாள்.

அன்று பின்னேரம் தொலைபேசியில் பரமநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், தூங்கிப்போனதைக்கூட. வழி தவறிய இடத்தில் அவர் இடைமறித்தார்.

“பயந்திட்டீரோ?”

அவள் யோசித்தாள்.

“இல்லை. ஏனெண்டு எனக்கே விளங்கேல்லை.”

 பரமநாதன், மிதுனா சமைத்த பருப்பில் உப்பே இல்லை என்று சொல்லத் தொடங்கினார்.