மல்லி மூட்டைக்குள் போட்ட போன்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னும் பின்னுமாக இருக்கும், பாதி மறந்தும் போயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர்கள் கூட்டத்தில் வந்து எனக்கு நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

இந்தத் தீவில், டாலிகஞ்சில் எங்களுக்கு ஒரு மசாலா மில் இருக்கிறது. மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்துக் கொடுப்போம், பாக்கெட் போட்டும் விற்போம். மகன் தெற்கே கமோர்ட்டா தீவில் வேலையில் இருப்பதால் மில்லைப் பார்த்துக்கொள்வது மருமகள்தான். ஆனால் என் வீட்டுக்காரர் போன பிறகு எல்லாவற்றையும் என் பேருக்கு மாற்றினார்கள். லைசென்ஸ், பேங்க், வரிக் கணக்கு எல்லாவற்றிலும் என் பெயர், என் போன் நம்பர். கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த முதலாளி நான்.

வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவர் கடலுக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில் இருக்கிறார். தெலுங்குக்காரர், எங்களோடு இந்தியில் பேசுவார். ஜூலை மாதம் படகில் வந்து பில் கட்டை வாங்கிக்கொண்டு போவார். அப்புறம் அங்கிருந்தே போன் செய்வார். கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது என் போனுக்கு ஓடிபி என்று ஆறு எண் வரும், நான் அதைப் படித்துச் சொல்ல வேண்டும். அதற்காக இன்னொரு தடவை படகு ஏறுவானேன் என்று இங்கே கடை வைத்திருக்கிற எல்லோரும் அப்படித்தான் செய்து பழகிவிட்டோம். ஆனால் எங்கள் தீவு நெட்வொர்க்குக்கு அந்த எண் உடனே வந்துவிடாது. மழை என்றால் அரை மணி நேரம்கூட ஆகும். அவர் அவசரப்படவே மாட்டார். "ஆராம் ஸே, மாஜி" என்பார். மெதுவாகவே வரட்டும் என்று அர்த்தம். அவர் டீ உறிஞ்சுவது எனக்குப் போனில் கேட்கும்.

போன வருஷம் பில் கட்டு போய் நாலைந்து நாள் ஆகியிருந்தது. மருமகள் வண்டூர் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பாக்கெட் கொடுக்கப் போயிருந்தாள். மில்லில் நான் மட்டும். மிளகாய் தீர்ந்துவிட்டது. மறுநாள் பேங்கிலிருந்து பணம் அனுப்பினால்தான் சென்னைக் கப்பலில் எங்கள் லோடு ஏறும். தவறினால் அடுத்த கப்பல் வரை மில் சும்மா கிடக்க வேண்டியதுதான்.

அப்போது ஒரு போன். கணக்குக்காரர் ஆபீஸிலிருந்து பேசுவதாக ஒருவன் இந்தியில் சொன்னான். கணக்கில் தப்பு இருக்கிறதாம், இன்றே சரி செய்யாவிட்டால் லைசென்ஸ் ரத்தாகிவிடுமாம். மதுரையில் இருக்கும் என் தங்கை, தெரியாத ஆள் இந்தியில் பேசினாலே போனை வைத்துவிடுவாள். இங்கே பக்கத்து வீட்டில், மீன் கடையில், ஆபீஸில் எல்லாம் இந்திதான். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அவன் அனுப்பிய மெசேஜில் நீல எழுத்தை அழுத்தச் சொன்னான், அழுத்தினேன். சிங்க முத்திரையோடு ஒரு பக்கம் வந்தது. எனக்குத் தட்டத் தெரியவில்லை என்றதும், பேங்க் புத்தகத்து நம்பரையும் கார்டு நம்பரையும் வாயால் சொல்லச் சொன்னான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துச் சொன்னேன்.

அடுத்தது ஓடிபி. வழக்கம்போல நான் காத்திருந்தேன். அவன் காத்திருக்கவில்லை. வந்துவிட்டது, ஏன் மறைக்கிறாய் என்று அதட்டினான். "ஜல்தி போலோ, ஜல்தி" என்று, சீக்கிரம் சொல்லச் சொல்லி விரட்டினான். இரண்டு நாளாகத் தீவு முழுக்க அடைமழை. மழையில் மெசேஜ் நகராது என்பது பாம்பூஃப்ளாட் ஆளுக்குத் தெரியாதா? எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, அங்கே மழை எப்படி என்று கேட்டேன். மழையா, இங்கே வெயில் கொளுத்துகிறது என்றான்.

அவன் பாம்பூஃப்ளாட் ஆளே இல்லை. போனை அணைத்திருக்க வேண்டும். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அணைத்து எனக்குப் பழக்கம் இல்லை. போனை மல்லி மூட்டைக்குள் போட்டு வாயைக் கட்டிவிட்டேன். உள்ளே அவன் பேசிக்கொண்டே இருந்தான். ரொம்ப நேரம் கழித்து மெசேஜ் வந்த சத்தமும் மூட்டைக்குள்ளிருந்தே கேட்டது.

தனியாகப் பேங்குக்குப் போய்ப் பேச எனக்குக் கூச்சம். மருமகள் வரும்வரை மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

"கடைக்கு வர்றவங்ககிட்ட விலை சொல்லவே உங்களுக்கு வாய் வராது. அவன்கிட்ட மட்டும் கார்டு நம்பரக் கணீர்னு படிச்சீங்களா?"

"ஓடிபி சொல்லலம்மா."

"சரி, எந்திரிங்க அத்தை. பேங்க் பந்த் ஆகுறதுக்குள்ள போகணும். போன் எங்க?"

மூட்டையைக் காட்டினேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பேங்கில் பணம் அப்படியே இருந்தது. அங்கே இருந்தவர் கார்டை நிறுத்தினார், எங்கள் கணக்கையும் முடக்கி வைத்தார். மூச்சு வந்தது. ஆனால் முடக்கிய கணக்கிலிருந்து எங்களாலும் பணம் அனுப்ப முடியாது. எழுதிக் கொடுத்து, அலைந்து, அது மறுபடி திறப்பதற்குள் சென்னையில் எங்கள் லோடு ஏறாமலே கப்பல் புறப்பட்டுவிட்டது. அடுத்த கப்பல் வரும்வரை, மிளகாயைக் கையோடு கொண்டுவந்தவர்களுக்கு மட்டும் அரைத்துக் கொடுத்தோம். வண்டூர்க் கடைகள் இரண்டு வேறு மில்லுக்குப் போய்விட்டன. இன்னும் திரும்பவில்லை. மருமகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

கணக்குக்காரர் கேள்விப்பட்டு வந்தார். போனை மல்லிக்குள் போட்டதற்குப் பதில் மிளகாய்க்குள் போட்டிருந்தால் அவன் தும்மியே செத்திருப்பான் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் அவரே சொல்லிவிட்டார், இனிமேல் போனில் ஓடிபி கேட்க மாட்டேன், யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், நான் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று.

அதனால் இந்த வருஷம் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு சாத்தம் படகுத்துறையில் படகு ஏறினேன். முழங்கால் வலியோடு இறங்கி அவர் எதிரே உட்கார்ந்தேன். எண் வர முக்கால் மணி நேரம் ஆனது. அவர் டீ குடித்தார், எனக்கும் ஒன்று வந்தது. எண் வந்ததும் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன், வாயைத் திறக்கவில்லை. திரும்பும்போது படகில் உட்கார இடமில்லை. அடுத்த வருஷமும் இப்படித்தான் போக வேண்டும். போவேன்.

ஒன்று மட்டும் இன்னும் நிச்சயமில்லை. கார்டின் பின்னால் இருக்கும் மூன்று எண்ணையும் அவனிடம் சொன்னேனா, இல்லையா? அன்றைக்கு நடந்ததைப் பேங்கில் எழுதிக் கொடுத்த பேப்பரின் நகல் மருமகளிடம் இருக்கிறது. கூட்டத்தில் இதைப் படிப்பதற்கு முன்னால் யாராவது அதோடு ஒத்துப் பார்த்து, நான் தப்பாக எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள்.