நாலு சீமைப் பேய்களுக்குப் போட்ட மேக்கப்

1. ரியலிசம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மதுரையில் நாடக மேக்கப்மேன். சிம்மக்கல்லில் இருந்த என் அறைக்கு ஒருநாள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வந்தார். கே.கே. நகரில் வீடு, ஒரு திரைப்படக் கழகம் நடத்திவந்தார். வெளிநாட்டுப் பழைய பேய்ப்படங்களை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று சொல்வதிலேயே அரைமணி நேரம் போனது. அந்தப் பேய்களுக்கு மரியாதை செய்யும் விதமாகக் கால்மணி நேர நகைச்சுவைப் படம் எடுக்கப்போகிறாராம். ரத்தம் குடிக்கும் பிரபு, பிணங்களைத் தைத்துச் செய்த மனிதன், ஓநாய் மனிதன், உடம்பெல்லாம் துணி சுற்றிய எகிப்துப் பிணம், நாலு பேரும் மதுரையில் வாடகைக்கு வீடு தேடி அலைகிறார்கள். யாரும் கொடுப்பதில்லை. அதுதான் கதை.

கதை நன்றாகத்தான் இருந்தது. சொன்ன ஆளுக்குத்தான் சிரிப்பு என்றால் என்னவென்று தெரியவில்லை. நான் ஓரிடத்தில் சிரித்ததற்கு, எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டார்.

என் மேக்கப் பெட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் திருவிழா நாடகத்துக்குப் பூசுறது. எனக்கு வேண்டியது ரியலிசம்" என்றார். எத்தனையோ எமனுக்கும் அரக்கனுக்கும் முகம் எழுதியவன் நான். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்டேன். சினிமா என்றதும் எனக்கும் நாக்கு ஊறியது.

2. துணி

அவனியாபுரம் பக்கம் மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலையில் படப்பிடிப்பு. சித்திரை வெயில், மேலே தகரக் கூரை.

மூன்று பேய்கள் பேராசிரியரின் கழக நண்பர்கள். கோரப்பல்லை மாட்டுவதும், அதைக் கழற்றி உலக சினிமா பேசுவதுமாகவே இருந்தார்கள். நடிக்கத் தெரிந்தவர் துளசிராம் ஒருவர்தான். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிற சௌராஷ்டிரக்காரர். என் தெருவில் குடியிருந்தார். நான்தான் அவரை அழைத்துவந்தேன். எகிப்துப் பிணத்தின் வேஷம் அவருக்கு.

மூக்கையும் வாயையும் திறந்துவிட்டுத் துணியைச் சுற்றலாம் என்றேன். பேராசிரியர் ஒரு போட்டோவை நீட்டினார். அதில் முகம் முழுக்க மூடியிருந்தது. அப்படியேதான் வேண்டும் என்றார். இந்த வெயிலுக்குத் தாங்காது சார் என்று ஒரு தடவை சொன்னேன். ஒரே தடவைதான். அவர் போட்டோவை இன்னும் அருகில் நீட்டினார். ஸ்பிரிட் கம் தடவித் துணியை ஒட்டி, அதன்மேல் பசையும் புழுதியும் அப்பினேன். கண்ணுக்கு மட்டும் கீறல் விட்டேன்.

3. மூன்றாவது டேக்

பதினாறு எம்.எம். கேமரா, ஒலிக்குத் தனியாக ஒரு டேப் ரெக்கார்டர். பிணம் ஆலை முற்றத்தைக் கடந்து ஒரு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். இரண்டு டேக் சரியில்லை என்றார் பேராசிரியர். மூன்றாவதில் துளசிராம் பாதி வழியில் நின்றார். கை காற்றைத் துழாவியது. துணிக்குள்ளிருந்து, "பாணி... பாணி..." என்று முனகல் வந்தது.

பேராசிரியர் பூரித்துப்போனார். "அந்தச் சத்தம் பிரமாதம், விட்றாத" என்று டேப் ரெக்கார்டர் பிடித்தவரிடம் சொன்னார்.

சௌராஷ்டிர மொழியில் பாணி என்றால் தண்ணீர். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அந்த மொழிதான். எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நான் நகரவில்லை. யாரும் ஃபிரேமுக்குள் வரக்கூடாது என்று பேராசிரியர் கையைத் தூக்கி வைத்திருந்தார். துளசிராம் மடங்கி விழுந்த பிறகுதான் கத்தரிக்கோலோடு ஓடினேன். துணியை அறுத்துப் பிரித்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. தண்ணீர் தெளித்து விசிறியதில் மெல்லக் கண் திறந்தார்.

"வீட்ல சொல்லிராதீகண்ணே" என்றார்.

பேராசிரியருக்கு வேறு கவலை. "நான் கட் சொல்றதுக்குள்ள நீ ஏன்யா உள்ள வந்த?" என்றார்.

4. சிரிப்பு

சில மாதங்கள் கழித்து, கழகத்தின் மாலைக் காட்சியில் படத்தைப் போட்டார்கள். கோரப்பல் பேய்களுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. துளசிராம் தள்ளாடியதற்கும், நான் கத்தரிக்கோலோடு பாய்ந்ததற்கும் அரங்கமே குலுங்கியது. அந்தத் துண்டைப் பேராசிரியர் அப்படியே படத்தில் வைத்திருந்தார். நான் கெடுத்ததாகச் சொன்ன காட்சிக்கு வந்த சிரிப்பை, தான் யோசித்து எடுத்ததுபோலத் தலையாட்டி வாங்கிக்கொண்டிருந்தார்.

துளசிராம் மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மா எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"எங்க வீட்டுக்காரரு தண்ணி கேக்குறாரு. அங்க இம்புட்டுப் பேரு இருந்தீகளே, ஏன் ஒருத்தரும் குடுக்கல?"

சிரிப்பு நின்றது. பேராசிரியர் திரும்பி, அது ஒரு எஃபெக்ட் என்று விளக்க ஆரம்பித்தார். அந்த அம்மா அவர் பக்கமே திரும்பவில்லை. என்னைப் பார்த்தார்.

"அவருக்குத்தான் எங்க பாஷை தெரியாது. ஒங்களுக்குமா புரியல?"

"புரிஞ்சதும்மா" என்றேன். துளசிராம் தலை குனிந்தபடியே மனைவியை அழைத்துக்கொண்டு வெளியேறினார்.

பேராசிரியரைத் திட்டி இந்தக் குறிப்பை முடிப்பது எனக்குச் சுலபம். போட்டோவைப் பார்த்து உலகத்தைத் தெரிந்துகொண்ட ஆள் அவர். அவ்வளவுதான் அவர் சரக்கு. தொழில் தெரிந்த நான் ஒரு தடவை சொல்லிவிட்டேன் என்று கையைக் கழுவிக்கொண்டு, அதே கையால் ஒரு மனிதனின் மூக்கை அடைத்தேன். அதற்குப் பிறகு முகம் மூடுகிற வேஷம் எது வந்தாலும் மூச்சுக்கு வழி விட்ட பிறகுதான் மற்ற வேலை. அதற்கு எந்த டைரக்டரிடமும் நான் அனுமதி கேட்டதில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களும் கேட்க வேண்டாம்.