காது மடலில் ஒரு குத்து

தொண்ணூறுகளில் எனக்கு மலேரியா வந்தது. காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் புது மாத்திரை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சம்மதித்துச் சேர்ந்தேன். தினமும் விரலில் குத்தி ரத்தம் எடுக்கணும் என்றான் லேப்காரன்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். “விரலைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்! சோதிக்க எலி கெடைக்கலியா?”

“ரத்தம் பார்க்காம மாத்திரை கெடையாது. எழுந்து போமா!”

“போறேன்பா. நான் பட்டு நெய்யறவ. குத்தின விரல்ல இழை சிக்கும். சேலையில ரத்தம் பட்டா எவன் வாங்குவான்?”

அவன் முறைத்தான். பிறகு என் காது மடலைப் பஞ்சால் துடைத்து, அங்கே குத்தினான்.

“இதை மொதல்லயே செய்யறதுக்கென்ன?” என்று சீறினேன்.

“நீ மொதல்லயே சொல்றதுக்கென்னமா?”

ஜுரம் போய்விட்டது. இன்றும் யார்மேலாவது கத்த வாயைத் திறந்தால், அந்தக் கேள்வி காதில் சுருக்கென்று குத்துகிறது.