வரிசையின் கடைசியில் தேவயானி

செங்கம்மா சினிமாப் பைத்தியம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் விஜயபுரம் பக்கத்தில் அவளைத் தெரிந்தவர்கள் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்து வருஷம் திரும்பாத ஒருத்தி புத்தூருக்குப் பஸ் ஏறி, மூன்று வாரத்தில் ஒன்பது தடவை ஒரே படத்தைப் பார்த்தாள் என்றால் ஊர் வேறென்ன நினைக்கும்? நினைத்துவிட்டுப் போகட்டும். அவள் எதற்குப் போனாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவருக்கும் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கி வளர்ந்தவள் அவள். கோவர்த்தனனைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவன் வீட்டுக்கு அரசாங்கம் கொடுத்த ஒரு ஏக்கர் மேட்டு நிலம் இருந்தது. மழை வந்தால் கடலை, வராவிட்டால் கூலி. ஏழு வருஷம் பிள்ளை இல்லை. வேண்டாத சாமி இல்லை, கட்டாத முடிச்சு இல்லை. எட்டாம் வருஷம் தேவயானி பிறந்தாள். ஒரே பிள்ளை. கோவர்த்தனன் பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கினதே இல்லை என்று ஊரார் கேலி பேசுவார்கள். உண்மைதான், இறக்கியதில்லை.

இரண்டாயிரமாவது ஆண்டு தை மாதத்தில் அந்தப் பக்கத்து அருவிக்குச் சினிமாக்காரர்கள் வந்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு தெலுங்கு மாயாஜாலப் படம் வந்து சக்கைப் போடு போட்டிருந்தது. அதில் ஒரு கோட்டை ஆகாயத்தில் பறக்கும். அதனால் எங்கள் பக்கத்து ஜனங்கள் அதைக் கோட்டைப் படம் என்றே சொல்வார்கள். இப்போது அதன் இரண்டாம் பாகம். கோட்டையை விட்டு விரட்டப்பட்ட ராணி அருவிக்குப் பின்னாலிருந்து படியிறங்கி வருகிறாள், கையில் விளக்குத் தட்டு ஏந்திய தேவலோகத்துப் பிள்ளைகள் அவளை வரவேற்க வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகச் சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து பதினெட்டுப் பெண் குழந்தைகளைச் சேர்த்தார்கள். எட்டு வயது தேவயானியும் அதில் ஒருத்தி.

உதவி டைரக்டர் ஒருவன் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து உட்காரவைத்தான். தேவயானிக்கு முகம் களையான முகம். அவளை நட்டநடுவில், ராணி இறங்கி வரும் படிக்குப் பக்கத்திலேயே வைத்தான். பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. செங்கம்மாவுக்குத்தான் பயம். முதல் பாகத்தை எத்தனை ஜனம் பார்த்தது என்று அவளுக்குத் தெரியும். அத்தனை கண்ணும் நடுவில் இருக்கிறவள் மேல்தானே விழும்? கல்லடி பட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம், கண்ணடி பட்டால் என்ன செய்வது? அவள் நேராக அந்த உதவி டைரக்டரிடம் போனாள்.

"சார், எம் பொண்ண ஓரத்துல குந்த வையுங்க சார்."

"ஏம்மா, நடுவுலதான நல்லா தெரியும்? எல்லாரும் நடுவுல வைன்னு கேப்பாங்க, நீ இன்னா?"

"அதான் சார் பயம். ஒத்தப் புள்ள. ஏழு வருசம் கழிச்சுப் பொறந்தது. கண்ணு பட்டுடும் சார்."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் அவள் காலில் விழப்போவதைப் பார்த்து, தேவயானியை எழுப்பி வரிசையின் இடது கோடியில் கடைசி ஆளாக வைத்தான். கமலம்மா என்ற பக்கத்து ஊர்க்காரியின் மகள் அவளுக்கு அடுத்தவளாக உட்கார்ந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் தேவயானி அம்மாவோடு பேசவே இல்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ராணி என்ன பாக்கவே இல்ல, உன்னாலதான்" என்று ஒரு தடவை மட்டும் சொன்னாள். இந்த ஓரத்து விஷயத்தைச் செங்கம்மா புருஷனிடம் சொல்லவில்லை. சொல்லுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்தாள்.

ஐப்பசி மழையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. புத்தூரில் காட்டி, பிறகு திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். நாலாம் நாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எந்தக் கண்ணுக்குப் பயந்து ஓரத்தில் வைத்தாளோ, அந்தக் கண் ஒன்றும் இன்னும் படத்தைப் பார்த்திருக்கக்கூட இல்லை.

கோவர்த்தனனின் பெரியப்பா நாகையாதான் முன்னால் நின்று காரியம் பார்த்தார். குழி வெட்டும்போது அவர் சொன்னார்: "கண்ணாலம் ஆவாத புள்ள. அதோட சாமான் ஒண்ணுகூட ஊட்ல இருக்கக் கூடாதுடா. இருந்தா அதுக்கும் போவ மனசு வராது, உங்களுக்கும் இன்னொண்ணு தங்காது."

அந்த ஜனத்தில் அப்படித்தான் வழக்கம். கவுன், சிலேட்டுப் பலகை, ரிப்பன், பள்ளிக்கூடத்தில் எடுத்த ஒரே ஒரு போட்டோ எல்லாவற்றையும் கோவர்த்தனனே தன் கையால் குழிக்குள் வைத்தான். செங்கம்மா தடுக்கவில்லை. அந்த நேரத்தில் யாருக்குப் புத்தி வேலை செய்கிறது? ஒரு மாதம் கழித்துத்தான் அவளுக்கு அது உறைத்தது. கண்ணை மூடினால் பிள்ளையின் நெற்றி தெரிகிறது, வாய் தெரியமாட்டேன் என்கிறது. வாய் தெரிந்தால் கண் தெரியமாட்டேன் என்கிறது. பெற்றவளுக்கு இது வரலாமா? வந்தது.

இன்னொன்று தங்கும் என்று நாகையா சொன்னதும் நடக்கவில்லை. கோவர்த்தனனால் வீட்டில் இருக்க முடியவில்லை. அந்த வருஷங்களில் பெங்களூரில் கண்ணாடிக் கட்டடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. பலமனேர் வழியாகப் போகிற பஸ்ஸெல்லாம் கான்கிரீட் வேலைக்குப் போகிற ஆட்களால் நிரம்பி வழிந்தது. அவனும் ஒரு பையோடு ஏறிப் போனான். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவான். பிள்ளையின் பேரை அதற்கப்புறம் அவன் வாயால் சொன்னதே இல்லை.

அடுத்த வருஷம் படம் வந்தது. செங்கம்மா போய்ப் பார்த்தாள். இடைவேளைக்குப் பிறகு அருவி வந்தது, விளக்குகள் வந்தன, அகலத் திரையின் இடது கோடியில் அவள் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். காற்றில் தட்டிலிருந்த சுடர் அணையப் பார்க்கிறது. இன்னொரு கையால் மூடிக் காப்பாற்றுகிறாள். யாராவது பார்த்துவிட்டார்களா என்று நிமிர்ந்து பார்க்கிறாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பத்து எண்ணுவதற்குள் ராணி வந்துவிடுவாள், பிறகு பிள்ளை இல்லை. அந்தப் பத்து எண்ணிக்கைக்காகத்தான் ஒன்பது தடவை போனாள். கோவர்த்தனனைக் கூப்பிட்டபோது, "போன புள்ளய எதுக்கு இஸ்துக்கினு வர்ற" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

முதல் பாகம் நூறு நாள் ஓடியது. இரண்டாம் பாகம் மூன்று வாரத்தில் பெட்டிக்குள் போய்விட்டது. பத்தாவது தடவை போனபோது கொட்டகையில் வேறு படத்தின் போஸ்டர் ஒட்டியிருந்தது.

அப்புறம் அவளும் திருப்பதிக்கு வேலைக்குப் போனாள். அலிபிரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை பெருக்கி, பெட்ஷீட் மாற்றுகிற வேலை. அங்கேயே நாலைந்து பெண்களோடு தங்கிக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஊருக்கு வருவாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் நாகபூஷணம் என்பவர் விசிடி கடை வைத்திருந்தார். படங்களெல்லாம் வட்டத் தகடாகி வீட்டுக்கே வருகிற காலம் அது. ஒவ்வொரு தடவையும் அவள் கடை வாசலில் நின்று கேட்பாள்.

"அண்ணா, கோட்டைப் படம் ரெண்டாவது வந்துச்சா?"

"மொதல் பார்ட் எடுத்துக்கம்மா, சூப்பரா இருக்கும். ரெண்டாவது ஓடவே இல்ல. ஓடாத படத்துக்கு எவன் சிடி போடுவான்?"

"வந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வையுங்கண்ணா."

ஒன்றரை வருஷம் இப்படியே கேட்டாள். ஒரு நாள் அவர் காரணம் கேட்டார். சொன்னாள். அதற்குப் பிறகு அவர் கேலி பண்ணுவதை விட்டுவிட்டார். அவள் தூரத்தில் வரும்போதே இல்லை என்று தலையாட்டிவிடுவார். இரண்டாயிரத்து மூன்று ஆனி மாதத்தில் ஒரு நாள் அவர் தலையாட்டவில்லை. ராணி படம் போட்ட அட்டைப் பெட்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே இரண்டு தகடு.

அவள் பெங்களூருக்குப் போன் பண்ணி, "பாப்பா படம் வந்துடுச்சு" என்று மட்டும் சொன்னாள். ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வந்த கோவர்த்தனன், பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு ஒரு பழைய டிவியும் விசிடி பிளேயரும் கொண்டுவந்தான். அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"எனக்கும் மறந்துக்கினே வருது, செங்கம்மா. வேலைல நிக்கும்போது நெனச்சுப் பாக்கறேன், மூஞ்சி வர மாட்டேங்குது. நான்தான அந்த போட்டோவ உள்ள வச்சேன்."

மதியம் கரெண்ட் வந்ததும் போட்டார்கள். இரண்டாவது தகட்டில் அருவி வந்தது. செங்கம்மா, "தோ, இடது பக்கம் பாரு" என்று திரைக்குக் கிட்டப் போய் உட்கார்ந்தாள். இடது கோடியில் கமலம்மாவின் மகள் முழுசாக உட்கார்ந்திருந்தாள். அதற்கும் அந்தப்புறம், டிவிக் கண்ணாடியின் விளிம்பில், ஒரு தட்டும் அதை ஏந்திய ஒரு கையும் மட்டும் தெரிந்தது. முழங்கையோடு சரி. இன்னொரு கையின் விரல்கள் வந்து சுடரை மூடின. பிறகு ராணி வந்துவிட்டாள்.

"எங்க?" என்றான் கோவர்த்தனன்.

திரும்பப் போட்டாள். திரும்பவும் கைதான். "தகடு கெட்டுப்போச்சு" என்றாள். மறுநாளே அதை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏறினாள்.

நாகபூஷணம் கடையிலேயே போட்டுப் பார்த்தார். வேறொரு தகட்டையும் போட்டுப் பார்த்தார். அப்புறம் டிவியை அணைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"தகடு நல்லாதாம்மா இருக்கு. சினிமா ஸ்கிரீன் அகலம். டிவி சதுரம். பெட்டி முழுக்கப் படம் தெரியணும்னு ரெண்டு ஓரத்தையும் வெட்டிட்டு நடுவ மட்டும் வச்சுக்குவாங்க. எல்லா படத்துக்கும் அப்டிதான்."

"நடுவுல இருந்தா?"

"நடுவுல இருந்தா ஒண்ணும் ஆவாது. முழுசா இருக்கும்."

"வேற மாரி வராதா அண்ணா? ஓரத்தோட?"

பொய் சொல்லலாமா என்று அவர் ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும். "இந்தப் படத்துக்கு இதுவே பெருசும்மா" என்றார். கொடுத்த பணத்தைத் திருப்பித் தர வந்தார். அவள் தகட்டைத்தான் திருப்பிக் கேட்டாள்.

பஸ்ஸில் வரும்போது அவள் அழவில்லை. பிள்ளை அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே சாலைதான். நடுவில்தானே இருந்தாள், நான்தானே எழுப்பி விட்டேன் என்ற ஒரே நினைப்பு சக்கரத்தோடு சக்கரமாகச் சுற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கோவர்த்தனனிடம் ஒன்று விடாமல் சொன்னாள். உதவி டைரக்டர் நடுவில் வைத்ததை, தான் போய்க் கெஞ்சியதை, டிவி ஓரத்தை வெட்டிவிடும் என்பதை. "அடிக்கணும்னா அடிச்சுடு" என்றாள்.

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "நீ கண்ணுக்குப் பயந்த. நான் ஊருக்குப் பயந்தேன்" என்றான். "யார யாரு அடிக்கறது?"

கரெண்ட் வந்தது. அவனே எழுந்து தகட்டைப் போட்டான்.

"நீ ஒம்போது தபா பாத்த இல்ல. எனக்குச் சொல்லு. இன்னா பண்றா?"

சொல்ல வாயெடுத்தாள். சுடரை மூடினாள், நிமிர்ந்தாள், சிரித்தாள் என்று சொல்லிவிடலாம்தான். அதைச் சொன்னால் அது எந்தப் பிள்ளையாக வேண்டுமானாலும் இருக்கும். அவள் உள்ளே போய் ஒரு சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். டிவிக்கு இடது பக்கம், பெட்டியை ஒட்டினாற்போலத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கண்ணாடிக்குள் அந்தக் கை தட்டை ஏந்தியபோது அவளும் ஏந்தினாள். விரல்கள் சுடரை மூடியபோது அவளும் மூடினாள். யாராவது பார்த்துவிட்டார்களா என்று நிமிர்ந்து பார்த்தாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிள்ளைக்குத் தாய் ஜாடை என்று ஊரே சொல்லும்.

ராணி வந்துவிட்டாள். கோவர்த்தனன் ரிமோட்டை அழுத்தி, தகட்டைப் பின்னால் ஓட்டினான். அருவி மறுபடி வந்தது, விளக்குகள் வந்தன. அவன் டிவியைப் பார்க்கவில்லை. டிவிக்கு இடது பக்கம் பார்த்தான்.

"தேவயானி" என்றான். குழி மூடிய நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தப் பேரைச் சொன்னான். "நைனா இங்கதான் இருக்கேன்மா. இப்பிடிப் பாரு."

செங்கம்மாவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. ஆனாலும் தட்டை இறக்கவில்லை. பிள்ளை இறக்கவில்லையே.