புளியோதரைக் கை

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால் முதலில் கேட்பது என் குரலாகத்தான் இருக்கும். ஆவடி பக்கம் எங்கள் சேக்காட்டில் ஒருத்தி என் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தபோது நான் பேசிய பேச்சு அவளுடைய ஏழு தலைமுறைக்கும் போதும். அப்படிப்பட்டவள் செய்த காரியம் இது.

என் கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை வேலை. விடுமுறைப் பயணச் சலுகையில் போன வருடம் ராஜஸ்தான் போனோம்; அவரோடு வேலை செய்யும் நண்பரும் நண்பரின் மனைவியும் கூட வந்தார்கள். அங்கே பாலைவனப் பூங்கா ஒன்றில் ஒரு பகல் முழுக்க வழிகாட்டியோடு நடப்பதாக ஏற்பாடு. ஒல்லியான மனிதர், ஐம்பது வயதிருக்கும். கிளம்பும்போதே இந்தியில் சொல்லிவிட்டார். ஆளுக்கு மூன்று பாட்டில் தண்ணீர் வேண்டும், வழியில் ஒரு சொட்டு கிடைக்காது, சாப்பிட்டால் கையை மணலில் தேய்த்துக்கொள்ளுங்கள். ஈரச் சாக்கு சுற்றிய தன் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, மாலை வரை எனக்கு இதுதான் என்றார்.

"ஆவடி வெயிலையே பாத்துட்டோம், இது இன்னா பெரிய வெயிலு?" என்றார் என் கணவர். சுமை குறையட்டும் என்று ஆளுக்கு இரண்டே எடுத்தோம்.

நாங்கள் எங்கே போனாலும் ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சலும் கூடவே வரும். விடுதி அறையில் சோறாக்கி, நல்லெண்ணெய் தாராளமாக விட்டுப் புளியோதரை கட்டியிருந்தேன். நடுப்பகலில் ஒரு வன்னி மரத்தடியில் சாப்பிட்டோம். தூரத்தில் கானமயில் என்ற அபூர்வப் பறவை தெரிகிறது என்று வழிகாட்டி மற்ற மூவரையும் மணல்மேட்டுக்கு அழைத்துப் போனார். கால் வலியில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

மணலில் தேய்த்துத்தான் பார்த்தேன். எண்ணெயில் மணல் ஒட்டிக் கை உப்புத்தாள் ஆனது. வாய் கொப்பளிக்காமல் இருப்பதில் வேறு உடம்பெல்லாம் கூசியது. என் பையில் ஒரு பாட்டில் இருந்தது. அது குடிப்பதற்கு வேண்டும். கிளையில் சாக்கு சுற்றிய பாட்டில் தொங்கியது. யாருடையது என்று தெரியாமல் எடுத்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். தெரியும். கொஞ்சம் என்றுதான் சாய்த்தேன். சில்லென்று இருந்தது. முழங்கை வரை கழுவி, இரண்டு முறை கொப்பளித்துத் துப்பிவிட்டுப் பார்த்தால் அடியில் இரண்டு விரல் அளவே மிச்சம்.

திரும்பி வந்த வழிகாட்டி தன் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். மரத்தடியையும் பார்த்தார். எதையோ தேடுவது போலச் செருப்புக் காலால் மணலைத் தள்ளினார்.

"இன்னா பையா, தண்ணி கொட்டிச்சா?" என்றார் என் கணவர், பாட்டிலைக் கையால் காட்டி.

மூடி சரியில்லை என்றார் அவர்.

"ஆமா, ஒழுகிக்கினு இருந்துது, நான் பாத்தேன்" என்றேன். என்னை யாரும் கேட்கவேயில்லை. என் நாக்கில் சனி.

"பாத்துட்டு சும்மாவா குந்திக்கினு இருந்தே?" என்றார் கணவர்.

சொன்ன கையோடு தன் பாட்டிலை அந்த மனிதரிடம் நீட்டினார். நீங்கள் விருந்தாளிகள், குடியுங்கள் என்று வழிகாட்டி மறுத்துவிட்டார். இன்னும் மூன்று மணி நேர நடை. அந்த மனிதர் நாக்கு உலராமல் இருக்க வாயில் ஒரு கூழாங்கல்லை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போனார். நான் தேள் கொட்டிய திருடனாகப் பின்னால் நடந்தேன். என் பாட்டிலை நீட்டக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்க மட்டும் முடிந்தது. இதை நினைத்தால் இப்போதும் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

பூங்கா வாசலில் ஒரு மண்பானை இருந்தது. வறண்ட உதட்டோடு முதலில் எங்களுக்கு மொண்டு கொடுத்துவிட்டுத்தான் அவர் குடித்தார். மற்றவர்கள் வண்டிக்குப் போனதும், பக்கத்து வீட்டு வடநாட்டுக்காரியிடம் பொறுக்கிய இந்தியில், "தண்ணீர்... நான்தான்" என்றேன்.

"தெரியும்" என்றார். "ஈரம் யார் கண்ணிலும் படாமல் இருக்க மண்ணைத் தள்ளி மூடினேன். கூட வந்தவர்கள் முன்னால் உங்களுக்குச் சங்கடம் வேண்டாமே."

தம்ளரைப் பானைமேல் கவிழ்த்துவிட்டுச் சொன்னார்: "கேட்டிருந்தால் நானே உங்கள் கையில் ஊற்றியிருப்பேன், அம்மா."

போன வாரம் லாரி வந்தபோது ஒருத்தி என் குடத்தை நகர்த்தினாள். தெருவே என் வாயைப் பார்த்தது. நான் பேசாமல் குடத்தைப் பின்னால் எடுத்து வைத்தேன்.

"இன்னாம்மே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் கணவர். மூடி ஒழுகியது என்றுதான் அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.