ஒன்பதாவது ஆள்

வெர்லின் ஸ்டக்கி ஓர்டனுக்கு வந்தது இரண்டு வருடம் இருந்துவிட்டுக் கிளம்புவதற்காக. மேற்குக் கன்சாஸில் கோதுமை வயல்களுக்கு நடுவே தேவாலயம் நடத்தும் சின்னக் கல்லூரி அது. அதன் பேஸ்பால் அணிக்குக் கோச் தேவைப்பட்டது. இங்கே கொஞ்சம் ஜெயித்துக் காட்டினால் பெரிய பல்கலைக்கழகம் ஏதாவது கூப்பிட்டுக்கொள்ளும் என்று மனைவி லோர்னாவிடம் சொன்னார். அவள் பாதிப் பெட்டிகளைப் பிரிக்காமலே கராஜில் அடுக்கினாள்.

கோச் என்பது பெயருக்குத்தான். புல் வெட்டுவது, மண்ணைக் கீறிச் சமன் செய்வது, பஸ் ஓட்டுவது, அழுக்குச் சீருடைகளைத் துவைத்துப் போடுவது எல்லாம் அவர் தலையில்தான். குளிர்காலத்தில் ஊர் ஊராகப் போய் விளையாட்டுக்காரப் பையன்களின் வீட்டுச் சமையலறையில் உட்காருவார். அம்மாக்கள் ஆப்பிள் கேக் வெட்டிக் கொடுப்பார்கள். "நாலு வருஷம் உங்க பையன நான் பாத்துக்கறேன்மா" என்பார். அதை அவர் ஒப்புக்காகச் சொன்னதில்லை.

அவர் எதிர்பார்த்த அழைப்பு ஒரே ஒரு முறை வந்தது. ஓக்லஹோமாவில் பெரிய பல்கலைக்கழகம். பந்துவீச்சாளர்களுக்குப் பயிற்சி தரும் வேலை. அந்த வருடம் ஓர்டனில் அவருக்கு அமைந்ததுபோல ஓர் அணி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பாதியில் விட்டுப் போக மனம் வரவில்லை. "சீசன் முடியட்டும், வந்துடறேன்" என்றார். அவர்கள் காத்திருக்கவில்லை, வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அணி இறுதிப் போட்டி வரை போனது. கடைசி இன்னிங்ஸில் கைக்கு வந்த பந்தை ஒருவன் காற்றில் தவறவிட்டான், எல்லாம் முடிந்தது. அடுத்த வாரம் லோர்னா முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டாள். கராஜில் இருந்த பெட்டிகளையும் பிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வருடங்கள் ஒன்றுபோல ஓடின. ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். தலை நரைத்தது, முட்டி தேய்ந்தது.

அவருக்கு ஐம்பத்தொன்பது வயதாகியிருந்த மார்ச் மாதத்தில், சீசன் நடுவில், விளையாட்டுத் துறைத் தலைவர் கேலன் ஆம்ஸ்டட்ஸ் தன் அறைக்கு வரச் சொன்னார்.

"வெர்லின், போர்டு முடிவு பண்ணிட்டாங்க. இந்த சீசனோட பேஸ்பால் கிடையாது."

"அடுத்த வருஷத்துக்குப் பன்னெண்டு பசங்களச் சேத்திருக்கேனே."

"தெரியும். அதுக்குப் பதிலா கம்ப்யூட்டர் கேம்ஸ் அணி ஆரம்பிக்கறாங்க. அதுக்கு மைதானமும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். மழைக்கும் நிக்காது."

கேலன் சிரிக்கப் பார்த்தார், வெர்லினின் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

அன்று மாலையே வெர்லின் பையன்களை மைதானத்தில் உட்காரவைத்துச் சொன்னார். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போன் போட்டார். சிலர் திட்டினார்கள், சிலர் பாவம் என்றார்கள். மட்டைக்காரனுக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கும் கேட்சர் கோடி ரவுஷின் அம்மா மட்டும் அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொன்னார்.

"என் சமையலறையில உக்காந்து நாலு வருஷம்னு சொன்னீங்க, மிஸ்டர் ஸ்டக்கி. அவன் வந்து எட்டு மாசம்கூட ஆகல."

"ஆமாம்மா. சொன்னேன்."

"பெரிய காலேஜ் ஒண்ணு கூப்பிட்டப்போ வேண்டாம்னவன் அவன். உங்களுக்காக."

போனை வைத்த பிறகும் சமையலறை மேஜையிலேயே உட்கார்ந்திருந்தார். லோர்னா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கெளம்பலாம் கெளம்பலாம்னு எத்தன வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன், வெர்லின். இப்ப தாராளமா போகலாம். எங்க போறதுன்னுதான் தெரியல."

மறுநாளிலிருந்து அவர் செய்தது ஒரே வேலை. தெரிந்த கோச்களுக்கெல்லாம் போன் போட்டுத் தன் பையன்களை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினார். இடம் கிடைத்தவன் உடனே விளையாடுவதை நிறுத்தினான். இங்கே காயம் பட்டால் அங்கே சேர்க்க மாட்டார்கள். "போடா, யோசிக்காத" என்று அவரே அனுப்பிவைத்தார். நல்ல பந்துவீச்சாளர்கள் முதலில் போனார்கள். அப்புறம் மட்டை பிடிக்கத் தெரிந்தவர்கள். தன் அணியைத் தானே காலி செய்தார். ஏப்ரல் கடைசியில் மிஞ்சியது ஒன்பது பேர். கோடியைத் தவிர மற்ற எட்டுப் பேரையும் யாருமே கேட்கவில்லை. கோடிக்கு இரண்டு இடம் வந்தது. "சீசன் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம் கோச்" என்று அவன் மட்டும் நின்றுவிட்டான். தானும் ஒருகாலத்தில் இப்படியே சொன்னது நினைவுக்கு வந்து வெர்லினுக்குப் பொறுக்கவில்லை. "மடையா, போயிடு" என்று கத்தினார். அவன் போகவில்லை.

கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில் நடந்தது. எதிரணிக் கோச் ட்ராய் நீடன்ஸ், வெர்லினிடம் விளையாடிய பழைய பையன்தான். வடக்கிலிருந்து காற்று புழுதியை வாரி அடித்தது. பார்க்க வந்தவர்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு கார்களுக்குள்ளேயே இருந்தார்கள். ஐந்தாவது இன்னிங்ஸில், பின்னால் போன பந்தைத் துரத்திய நடுக்களத்துப் பையன் வேலியில் மோதி விழுந்தான். கணுக்கால் பிசகி வீங்கியது. நடக்க முடியவில்லை.

ஒன்பது பேர் இல்லாவிட்டால் ஆட்டம் எதிரணிக்கு. வெர்லின் தானே அம்பயரிடம் நடந்து போனார்.

"என்கிட்ட எட்டுப் பேர்தான் இருக்காங்க."

அம்பயர் தொப்பியைக் கழற்றினார். "வருத்தமா இருக்கு கோச். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ட்ராய் ஓடி வந்தார். "என் ஆள் ஒருத்தனத் தரேன் கோச். கணக்குல வேண்டாம், சும்மா ஆடி முடிப்போம். இந்த மைதானத்துல இப்படியா முடிக்கறது?"

பையன்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போய் வெர்லின் கேட்டார். "என்னப்பா, ஆடலாமா?"

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் ஒருவன் சொன்னான்: "குளிருது கோச். வீட்டுக்குப் போறோமே."

கோடி முழங்கால் கவசங்களைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"சரி" என்றார் வெர்லின். "போங்க."

கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஹார்ன் அடித்து விடைகொடுக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. காலில் அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிப்போனார்.

அந்தக் கோடை முழுவதும் வேலை தேடினார். அவரிடம் பேசியவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். இவ்வளவு அனுபவமுள்ளவரைச் சின்ன வேலையில் வைக்கச் சங்கடமாக இருக்கிறது என்றார்கள். கோடிக்கு வந்த இரண்டு இடங்களும் அந்தக் கடைசி ஆட்டத்திற்குள்ளேயே வேறு ஆட்களுக்குப் போய்விட்டதால் அவன் படிப்பை விட்டுவிட்டு டாட்ஜ் சிட்டியில் இறைச்சித் தொழிற்சாலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டார். அவன் அம்மாவுக்குப் போன் போட நினைத்து, எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார். ஆகஸ்டில் பள்ளி பஸ் ஓட்டும் வேலையில் சேர்ந்தார்.

அடுத்த வசந்தத்தில் ட்ராய் கூப்பிட்டார். "சம்பளம் தர முடியாது கோச். வந்து பசங்களோட நில்லுங்க, போதும். நீங்க இருந்தா நல்லாருக்கும்."

"போயிட்டு வா" என்றாள் லோர்னா. "வீட்ல உக்காந்து சுவத்தப் பாக்கறதுக்கு அது மேல்."

ஒரு செவ்வாய்க்கிழமை ட்ராயின் கல்லூரிக்குப் போனார். மைதானத்துக்குள் போகாமல், வேலிக்கு வெளியே காரை நிறுத்தினார். ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தார். ட்ராயின் பையன்கள் நன்றாக ஆடினார்கள். மட்டையில் பந்து படும் சத்தம், தூரத்தினால், ஒரு கணம் தாமதித்து வந்தது. ட்ராய் இரண்டு தடவை இந்தப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். வெர்லின் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது இன்னிங்ஸ் நடந்துகொண்டிருந்தபோது பள்ளி விடும் நேரம் நெருங்கியது. அவர் காரைப் பின்னால் எடுத்து, பள்ளி பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளக் கிளம்பினார்.