ஜூலை வரை பொறுக்கச் சொன்னேன்

போன வருடம் பெப்ரவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் இது தொடங்கியது. பக்கத்துக் கட்டடத்தில் தனியாக வசிக்கும் அக்கா ஒருவர் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். இருபது வருடங்களுக்கு மேல் பள்ளிக்கூடங்களில் துப்புரவு வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார், மகன் கனடாவில். அக்காவுக்கு நீண்ட காலமாக நீரிழிவு. கொஞ்ச நாளாக வலது கண் மங்கலாக இருக்கிறது என்று குடும்ப வைத்தியரிடம் சொல்லியிருக்கிறார். அவர் கண் வைத்தியரைப் பார்க்கும்படி எழுதிக் கொடுத்த காகிதம்தான் அது.

நான் பதினொரு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். இங்கேயே படித்து, வரி ஆலோசகர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் தெருவில் எந்தத் தமிழ் வீட்டுக்கு ஜேர்மன் கடிதம் வந்தாலும் அது கடைசியில் என்னிடம்தான் வரும். எனக்கு அதில் பெருமை. பெரிய பெருமை என்றே சொல்ல வேண்டும்.

அன்றைக்கு அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. காகிதத்தை முழுதாகப் படிக்கவில்லை. கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, நாளைக்கே அழைத்துக் கேட்கிறேன் என்று அக்காவை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஐந்து கண் வைத்தியர்களை அழைத்தேன். இரண்டு இடத்தில் புதிய நோயாளிகளை எடுப்பதில்லை என்றார்கள். ஒரு இடத்தில் பதிவு செய்த குரல் மட்டும் பேசியது. இன்னொரு இடத்தில் இந்த வருடத்துக்கான நாட்கள் முடிந்துவிட்டன என்றார்கள். ஐந்தாவது இடத்தில் ஜூலை நடுப்பகுதியில் ஒரு டெர்மின், அதாவது வைத்தியரைப் பார்க்க ஒரு நாள், கிடைத்தது. உண்மையைச் சொன்னால், ஐந்து மாதம் தள்ளி ஒரு நாள் கிடைத்ததற்கே எதையோ வென்ற மாதிரிச் சந்தோஷப்பட்டேன். அக்காவும் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

மார்ச்சில் அக்கா தொலைபேசியில் அழைத்தார். கண்ணுக்கு முன்னால் கறுப்பு நூல் மாதிரி ஏதோ ஓடுகிறதாம். கொஞ்சம் முன்னுக்குப் போக முடியாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் வேலையில் இருந்தேன். "இஞ்ச எல்லாருக்கும் இப்பிடித்தான் அக்கா. ஜூலை வரைக்கும் பொறுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆனால் மனம் பொறுக்கவில்லை. அடுத்த வாரம் பேருந்துத் தரிப்பிடத்தில் அவரைக் கண்டேன். வந்து நின்ற பேருந்தின் இலக்கத்தை, பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மாலை ஜூலையில் நாள் தந்த கண் வைத்தியரை மறுபடி அழைத்தேன். யாராவது வராமல் விட்டால் அறிவிப்பதாகச் சொன்னார்கள். யாரும் அறிவிக்கவில்லை. இரவில் படுத்தால் நித்திரை வராது. எழுந்து தண்ணீர் குடிப்பேன். கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, இதற்கு மேல் என்னால் என்ன செய்ய முடியும் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். அந்தச் சமாதானம் காலைவரைகூட நிற்காது.

ஏப்ரலில் ஒருநாள், அலுவலகத்தில் கோப்பி குடிக்கும் நேரம். கூட வேலை செய்யும் ஒரு ஜேர்மன் பெண், தன் தந்தைக்கு இதய நிபுணரிடம் இரண்டே வாரத்தில் டெர்மின் கிடைத்த கதையைச் சொன்னார். குடும்ப வைத்தியர் அவசரம் என்று நினைத்தால் காகிதத்தில் ஒரு குறியீடு ஒட்டிக் கொடுப்பாராம். நிபுணர்களிடம் டெர்மின் எடுத்துக் கொடுக்கவே ஒரு பொதுச் சேவை இருக்கிறதாம். அதை அழைத்து அந்தக் குறியீட்டைச் சொன்னால், நான்கு வாரத்துக்குள் எங்காவது ஒரு நிபுணரிடம் இடம் தேடித் தர வேண்டும் என்பது அரசாங்க விதியாம். அவர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்போலச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

நான் கோப்பியை வைத்துவிட்டு மாடிப்படிக்குப் போனேன். கைபேசியில் அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினேன். காகிதத்தின் ஓரத்தில் சின்ன ஒட்டுத்தாள். நான்கு நான்காகப் பன்னிரண்டு எழுத்துகளும் இலக்கங்களும். ஏதோ கோப்பு எண் என்று நினைத்து நான் கண்ணெடுத்தும் பார்க்காமல் விட்டது. அதற்குக் கீழேயே, இது அவசரம் என்று வைத்தியர் ஒரு வரியும் எழுதியிருந்தார். ஜேர்மன் தெரியாத அக்கா அதைப் படிக்கவில்லை. ஜேர்மன் தெரிந்த நானும் படிக்கவில்லை.

படியிலேயே உட்கார்ந்து அந்தச் சேவையை அழைத்தேன். அரை மணி நேரம் இசை போனது. பிறகு ஒரு பெண் வந்து குறியீட்டைக் கேட்டார். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். இது பெப்ரவரியில் கொடுத்ததாயிற்றே என்று ஒரு கணம் நிறுத்தினார். பிறகு, இன்னும் செல்லும், அடுத்த செவ்வாய் காலை பத்து மணி, ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள வேறொரு ஊரில் சரியா என்று கேட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அக்காவோடு புறப்பட்டேன். பாதி வழியில் ரயில் வயல்களுக்கு நடுவே நின்றுவிட்டது. ஒன்பதரை, பத்து, பத்தே கால். நான் பெட்டிக்குள் முன்னும் பின்னும் நடந்தேன், அந்த வைத்தியரின் எண்ணுக்கு அழைத்துக்கொண்டே இருந்தேன். யாரும் எடுக்கவில்லை. அக்கா என்னை இருக்கச் சொன்னார். அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருந்தார். அந்த அமைதி எனக்கு இன்னும் அந்தரமாக இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது முக்கால் மணி நேரம் பிந்திவிட்டது. வரவேற்பில் இருந்த பெண், நேரம் போய்விட்டது, புதிதாக ஒரு நாள்தான் எடுக்க வேண்டும் என்றார். நான் ஏதேதோ சொன்னேன். முப்பது வருடம் பேசிய மொழி அந்த இடத்தில் என்னைக் கைவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரித் தடுமாறினேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினால், அக்கா கதிரை எங்கே இருக்கிறது என்று கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் எழுந்து போய் அக்காவைப் பிடித்து இருத்தி, காப்புறுதி அட்டையை வாங்கிக்கொண்டார். கண்ணுக்குச் சொட்டு மருந்தும் அவரே விட்டார்.

உள்ளே வைத்தியர் இளம் பெண். இரண்டு கண்களையும் நீண்ட நேரம் பார்த்தார். வலது கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, விழித்திரை இழுபடத் தொடங்கிவிட்டது, இடது கண்ணும் பாதிக்கப்பட்டிருக்கிறது, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். பிறகு காகிதத்தைக் கையில் எடுத்து, பெப்ரவரியிலேயே அவசரம் என்று போட்டிருக்கிறதே, ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டார்.

கேள்வி அக்காவிடம் கேட்கப்பட்டது. அதைத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான். சொன்னேன்.

மருந்து விட்ட அக்காவின் கண்கள் என் பக்கம் திரும்பியிருந்தன, ஆனால் என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. பிறகு மெல்லச் சொன்னார்.

"நீங்கள் பொறுக்கச் சொன்னனீங்கள் எண்டு சொல்லாதையுங்கோ தங்கச்சி. எனக்குத்தான் விளங்கேல்லை எண்டு சொல்லுங்கோ."

நான் அப்படியே சொன்னேன். அவருக்கு விளங்கவில்லையாம் என்று தெளிவான ஜேர்மனில் சொன்னேன். வைத்தியர் தலையை ஆட்டிவிட்டு அக்காவின் பக்கம் குனிந்து, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, இப்படிப்பட்ட காகிதத்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அக்கா பணிவாகத் தலையசைத்தார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்து ஆஸ்பத்திரிக்கான கடிதத்துக்குக் காத்திருந்தோம். என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. அக்காவிடம் சொல்லிவிட்டு மறுபடி அந்தக் கதவைத் தட்டினேன். வைத்தியர் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்காமல் போகவில்லை, நான்தான் காகிதத்தைப் படிக்கவில்லை, நான்தான் காத்திருக்கச் சொன்னேன் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒட்டுத்தாள் எதற்கு என்று நோயாளிகள் பலருக்கு யாரும் சொல்வதில்லை என்றார். பிறகு கடிதத்தை நீட்டி, இனி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றார். அவ்வளவுதான். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டியிருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் அன்றே சேர்த்துக்கொண்டார்கள். இடது கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்தார்கள், அது தப்பிவிட்டது. வலது கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அதில் இப்போது வெளிச்சமும் ஆட்களின் உருவமும் தெரிகிறது, எழுத்துத் தெரியாது. முன்னரே வந்திருந்தால் இன்னும் காப்பாற்றியிருக்கலாமா என்று நான் அங்கேயும் கேட்டேன். இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார்கள். அந்தப் பதிலோடுதான் நான் இப்போது இருக்கிறேன்.

அக்கா வீடு திரும்பிய அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பேச விடவில்லை. "நீங்களும் இல்லாட்டி எனக்கு இஞ்ச ஆர் இருக்கினம்?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. வேறு ஆள் இல்லாத ஒருவருக்கு ஒரே ஆளாக இருந்துகொண்டு, கறி அடிப்பிடித்துவிடும் என்ற அவசரத்தில் அவருடைய காகிதத்தை மேலோட்டமாகப் பார்த்தவள் நான். ஆட்கள் காத்திருக்கக் கூடாது என்றுதான் அரசாங்கம் அந்த விதியைப் போட்டிருக்கிறது. அந்த விதிக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்று வழியை மறித்ததும் நான்தான்.

இரண்டு மாதம் கழித்து அக்கா மறுபடி ஒரு கடிதத்தோடு வந்து, எப்போதும்போல என் கையில் தந்துவிட்டு நிம்மதியாகக் கதிரையில் இருந்தார். அந்த நம்பிக்கையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இன்றைக்கும் யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால் அந்தப் பயம் வருகிறது, அது என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.